கழுத்துக்குள் ஒரு சிட்டிகைக் காரீயம்

அச்சிலிருந்து கோது இறங்கி வரும்போது எழும் கிறீச் சத்தத்தை, ரவை நிரப்பும் மேசையில் பழகிய எவரும் அறிவார்கள். அச்சின் நடுவே கம்பியில் தொங்கும் எஃகுக் குமிழ், பித்தளைக் கழுத்தின் உட்சுவரைப் பூச்சு எதுவும் இல்லாமல் உராய்ந்துகொண்டு வருகிறது. பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கைப்பிடியில் கொஞ்சம் பலம் கொடுத்தால் கோது எப்படியும் வெளியே வந்துவிடுகிறதே!

கோதின் வெளிப்புறத்துக்கு மசகு பூச யாரும் மறப்பதில்லை. மறந்தால் கோது அச்சுக்குள் இறுகிக்கொள்ளும். விளிம்பு கிழிந்து, அடியில் துளையிட்டுப் பிடுங்கி எடுப்பதற்குள் அன்றைய வேலை கெட்டுவிடும். உட்கழுத்து அப்படி உடனுக்குடன் தண்டிப்பதில்லை. அதனால்தான் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அங்கே நடந்த பிசகு தெரியவருவது முந்நூறு மீற்றருக்கு அப்பால், இலக்குத் தாளில்தான். அப்போது பழி காற்றின் மீதும் தொலைநோக்கியின் மீதும் விழுகிறது.

.308 ரகக் கோது ஒன்றை எடுத்துக்கொள்வோம். சன்னத்தின் விட்டம் 7.82 மில்லிமீற்றர். கழுத்துச் சுவரின் தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வழக்கமான அச்சு அந்தக் கழுத்தைத் தேவைக்கு மேலாகவே நெரித்துவிடுகிறது. குமிழ் வெளியேறும் வழியில் அதை மறுபடி விரித்து, சன்னத்தைவிடச் சுமார் 0.05 மில்லிமீற்றர் மட்டும் சிறிதாக விட்டுச் செல்ல வேண்டும். அந்த 0.05 மில்லிமீற்றர்தான் சன்னத்தைப் பிடித்து வைத்திருக்கும் இறுக்கம். உராய்வு கூடினால் குமிழ் விரிப்பதோடு நிற்காது, இழுக்கவும் தொடங்கும். தோள் முன்னால் நகரும், கழுத்து ஒருபக்கம் சாயும், கோதின் நீளமும் கூடும். பெட்டியில் இருக்கும் கோதுகள் ஆளுக்கொரு அளவில் இழுபட்டிருந்தால், அச்சை நுணுக்கமாக இறக்கிப் பூட்டிய உழைப்பு முழுவதும் வீண்.

இவ்விதழின் வாசகர்களில் ஒரு பகுதியினர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சட்டப்படி தாங்களே ரவை நிரப்பிப் போட்டிகளில் சுடுபவர்கள். மறுபகுதியினர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் சுடுகளங்களின் ஆயுதக் கொட்டில்களைப் பராமரிப்பவர்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் நடப்பில் உள்ளன. உரிமம் இல்லாமல் ஒருவர் வீட்டில் மருந்து வைத்து ரவை நிரப்ப இடமே இல்லை. அதில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் கோது, சன்னம், மசகு ஆகியவை பற்றிய அறிவு ரவையைச் சேமிப்பவருக்கும், பழைய இருப்பைப் பரிசோதிப்பவருக்கும், இது சுடத்தகுந்ததா என்று முடிவு சொல்ல வேண்டியவருக்கும் நிரப்புபவருக்கு இணையாகவே வேண்டியிருக்கிறது.

இம்முறை இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு மழைதான் காரணம். கொத்மலைப் பள்ளத்தாக்கில் வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்றின் ஆட்சி. நீர்த்தேக்கத்தின் மேல் எழும் மூடுபனி ரம்பொடைச் சரிவு வரை ஏறி, பகலிலும் இறங்காமல் நிற்கும் நாட்கள் உண்டு. தீப்பெட்டி நமுத்துப்போகும், தோல் உறையில் பூசணம் பூக்கும், கழுவிய சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே கொடியில் தொங்கும். இப்படிப்பட்ட காற்றில் எந்த மசகு வேலை செய்யும், எது கெடும் என்பதை உலர்ந்த நாட்டில் எழுதிய கையேடுகள் சொல்வதில்லை.

உட்கழுத்துக்கு எண்ணெய் ஆகாது என்பதில் அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். எண்ணெய் கழுத்தோடு நிற்காது. அடியில் இருக்கும் மருந்தையும் பிரைமரையும் தேடிப் போகும். அவை கெட்டால் ரவை வெடிக்காமல் போகலாம். அல்லது அரைகுறையாக வெடித்துச் சன்னத்தைக் குழலின் நடுவே நிறுத்திவிடலாம். இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து. ஆகவே தூளாக இருக்கும் உலர் மசகுகள்தான் மிச்சம். அவற்றில் முக்கியமானவை இரண்டு: காரீயம் (கிராஃபைட்டு), மொலிப்டினம் இருசல்பைட்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் ஒட்டினால் சாம்பல் நிறம், தேய்த்தால் மினுமினுப்பு. ஈரக்காற்றில் மட்டும் இரண்டும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன.

காரீயத்தின் வழுக்கும் தன்மைக்கு நீராவி வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் இருந்த கார்பன் தூரிகைகள், தரையில் மாதக்கணக்கில் உழைத்தவை, மேலே சில மணி நேரத்தில் தூளாகிக் கொட்டின. உயரத்துக் காற்றில் ஈரம் இல்லாததே காரணம் என்பதை ஆர். எச். சாவேஜ் 1948இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. காரீயப் படலங்களின் ஓரங்களில் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொண்டால்தான் அவை ஒன்றின் மேல் ஒன்று தடையில்லாமல் சறுக்குகின்றன. மொலிப்டினம் இருசல்பைட்டு இதற்கு நேர்மாறு. வெற்றிடத்திலும் உலர்ந்த காற்றிலும் அது அபாரமாக வேலை செய்யும்; விண்கலங்களில் அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஈரம் பட்டால் உராய்வு ஏறுகிறது. நாளாக ஆக அது ஒட்சியேற்றமடைந்து அமிலத்தன்மையும் கொள்கிறது. 1990களின் பிற்பகுதியில் அது பூசிய சன்னங்கள் போட்டிக்களங்களில் அலையாகப் பரவியதும், குழலுக்குள் ஈரம் தங்கி அரிப்பதாக முறைப்பாடுகள் எழுந்து அந்த அலை வடிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கொத்மலையின் காற்றுக்கு எது பொருந்தும் என்பதில் இனியும் ஐயத்துக்கு இடமில்லை.

காரீயம் மலையகத்துக்கு அந்நியமானதும் அல்ல. கண்டியைத் தாண்டிக் கேகாலைப் பக்கம் இறங்கினால் போகலச் சுரங்கம். குருநாகல் மாவட்டத்தில் தொடங்கஸ்லந்தை அருகே கஹட்டகஹ. பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் காரீயம் வணிக அளவில் தோண்டப்படுவது உலகிலேயே இலங்கையில்தான். மற்ற நாடுகளில் கிடைப்பது பெரும்பாலும் செதில் காரீயம். மண்ணோடும் கல்லோடும் கலந்திருக்கும், அரைத்துக் கழுவிப் பிரிக்க வேண்டும். இங்கே 95 வீதத்துக்கு மேல் கார்பன் கொண்ட கட்டிகள் பாறையிலிருந்து அப்படியே கைக்கு வருகின்றன. கஹட்டகஹச் சுரங்கத்தின் ஆழம் 600 மீற்றரை எட்டுகிறது. முதலாம் உலகப் போர்க்காலத்தில், உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இந்தக் காரீயத்தை வாங்க மேற்கு நாடுகள் முண்டியடித்தன. 1916இல் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. அக்காலத்து பீரங்கிக் கோதுகளுக்கும் ரவைக் கோதுகளுக்கும் வேண்டிய பித்தளையும் இத்தகைய மூசைகளில்தான் உருகியது.

கோதுக்குள் காரீயம் போனால் மருந்து கெட்டுவிடாதா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான அச்சம்தான், ஆனால் தேவையில்லாதது. புகையில்லா மருந்தின் மணிகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே காரீயப் பூச்சுப் பெற்றுத்தான் வருகின்றன. மணிகள் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் ஏறாமல் இருக்கவும், அளவைக் குவளைக்குள் தடையின்றி ஓடவும் அந்தப் பூச்சு உதவுகிறது. புதிய டப்பாவிலிருந்து மருந்தை ஊற்றும்போது விரலில் ஒட்டும் கருமை அதுதான். கழுத்தில் விடும் சிட்டிகை, மருந்தில் ஏற்கெனவே இருப்பதோடு போய்ச் சேர்கிறது.

கொழுப்பும் ரவையும் சேர்ந்த கதை தெற்காசியாவில் யாருக்கும் புதிதல்ல. 1857இல் என்பீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு, மீரட்டில் மே 10ஆம் திகதி தொடங்கிய பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாயிற்று. அங்கே பிரச்சினை அரசியலும் மதமும். தொழில்நுட்ப ரீதியாகக் கொழுப்பு என்ன செய்யும் என்பதற்குப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. அதை விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

1921ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒகைய்யோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெரி சுடுகளத்தில் தேசியப் போட்டி. அதுவரை இருந்த செப்பு-நிக்கல் உறைச் சன்னங்கள் குழலுக்குள் கட்டி கட்டியாக உலோகத்தை ஒட்டவைத்தன. இந்தத் தொல்லைக்கு மாற்றாகப் பிராங்போர்ட் ஆயுதசாலை அந்த ஆண்டு சன்னங்களுக்குத் தகரப் பூச்சுக் கொடுத்தது. குழல் சுத்தமாக இருந்தது, குறியும் நன்றாக விழுந்தது. ஆனால் போட்டியாளர்களில் பலருக்கு ஒரு பழைய பழக்கம்: ரவையின் முனையை மசகுக் களிம்பில் தோய்த்துச் சுடுவது. இந்த ரவையில் அதைச் செய்யாதீர்கள் என்று எச்சரித்தும் சிலர் விடவில்லை. பூட்டுகள் திறக்க மறுத்தன. சில துப்பாக்கிகள் உடைந்தே போயின.

நடந்தது என்ன என்பதை ஆயுதத்துறை அதிகாரி ஜூலியன் ஹாட்சர் பிற்பாடு தமது குறிப்பேட்டு நூலில் பதிவு செய்திருக்கிறார். சன்னத்தின் தகரமும் கழுத்தின் பித்தளையும், சூடு எதுவும் படாமலே, கிடந்த இடத்தில் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. சன்னத்தைப் பிடுங்க, வழக்கத்தைவிடப் பல மடங்கு விசை தேவைப்பட்டது. ரவை வெடிக்கும்போது கழுத்து வெளிப்பக்கம் விரிந்து சன்னத்தை விடுவிக்க வேண்டும். கழுத்துக்கும் அறைச் சுவருக்கும் இடையில் இருந்த அந்த மயிரிழை இடைவெளியைக் களிம்பு அடைத்துக்கொண்டது. கழுத்து விரிய வழியில்லை, சன்னம் விடுபட வழியில்லை. அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அறைக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் கோது சுவரைக் கவ்விப் பிடிக்காமல் பின்னால் வழுக்கி, பூட்டின் மேல் விழும் உதையும் கூடிவிடும். கழுத்தின் உட்புறத்தில் தேவைப்பட்ட மசகு அங்கே இல்லை. சுடும்போது இருக்கவே கூடாத வெளிப்புறத்தில் தாராளமாக இருந்தது.

தகரம் பூசிய சன்னத்தை இன்று அநேகமாக யாரும் செய்வதில்லை. ஆனால் ஒட்டிக்கொள்ளும் வேலை முற்றாக நின்றுவிடவில்லை. துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு தண்ணீரில் சுழற்றிக் கோதுகளைக் கழுவும் முறை பரவிய பிறகு, உட்கழுத்து கண்ணாடிபோல் பளபளக்கிறது. சுட்ட கோதில் இயல்பாகப் படிந்திருக்கும் கரிப் படலம் அதில் துளியும் இல்லை. செப்புக் கலவையான சன்ன உறை, மூடல் எதுவும் இல்லாத பித்தளையோடு மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் இரண்டும் மெல்லப் பற்றிக்கொள்கின்றன. நீண்ட தூரப் போட்டியாளர்கள் சிலர் முதலில் சன்னத்தைச் சற்று வெளியே நிற்கும்படி பொருத்திவைத்து, போட்டிக்கு முதல்நாள் மறுபடி அழுத்தி அந்தப் பிடிப்பை உடைக்கிறார்கள். அவ்வளவு சிரமம் வேண்டாம். கரிப் படலத்தை நைலோன் தூரிகையால் தளர்ந்த தூள் போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து மிச்சத்தை விட்டுவைப்பதும், ஊசிகளோடு கழுவியிருந்தால் காரீயத்தால் அந்த இடத்தை நிரப்புவதும் போதும். கோதைப் பளபளக்க வைப்பதில் இருக்கும் ஆசையை இவ்விதழ் குறை சொல்லவில்லை. ஆனால் உட்கழுத்தின் பளபளப்பால் பயன் ஏதும் இல்லை.

கழுத்தின் மற்றொரு எதிரியைக் கண்டுபிடித்ததும் அதே 1921இல்தான். அது மலையகத்துக்கு இன்னும் நெருக்கமான கதை.

பிரித்தானிய இந்தியாவில் படைகளின் நடமாட்டம் மழைக்காலத்தில் குறையும். அந்த மாதங்களில் ரவைப் பெட்டிகள் குதிரை லாயங்களில் அடுக்கப்பட்டன. மழை ஓய்ந்து திறந்து பார்த்தால் பித்தளைக் கோதுகளில் வெடிப்புகள். யாரும் சுடவில்லை, யாரும் நெரிக்கவில்லை. கிடந்த இடத்திலேயே பிளந்திருந்தன. பருவம் மாறும்போது வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் விழுந்தது. வூல்விச் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மூர், பெக்கின்சேல், மலின்சன் மூவரும் 1921இல் காரணத்தை வெளியிட்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்குகிறது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கொண்ட கோதுப் பித்தளையில், உருவாக்கும்போது தங்கிவிட்ட உள் இழுவிசை எங்கே அதிகமோ அங்கே உலோக மணிகளின் எல்லை வழியாக வெடிப்பு ஓடுகிறது. கழுத்து கடைசியாக நெரிக்கப்படும் இடம் என்பதால் இழுவிசை தங்குவதற்கு அது தோதான இடம்.

இலங்கைத் தோட்டங்களின் துரைமார் சேர்ந்து அமைத்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி 1949இல் கலைக்கப்பட்டது. அக்காலத்து .303 ரவையின் கழுத்தில் அந்த இழுவிசை தங்குவதற்கு ஒரு விசேடக் காரணம் உண்டு. நூல்போல் நீண்ட கோர்டைட் மருந்துக் கட்டை முதலில் நேரான கோதுக்குள் செருகி, பிறகுதான் கழுத்தை நெரித்தார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது கழுத்தைச் சூடாக்கிப் பதமாற்ற யாரால் முடியும்? இன்றைய நிரப்புநருக்கு அந்தத் தடை இல்லை. வெறுங்கோதின் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இழுவிசையைத் தளர்த்தலாம். பித்தளை சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அடி மென்மையானால் அந்தக் கோது குப்பைக்குத்தான்.

குதிரை லாயங்கள் போய்விட்டன. அமோனியா போகவில்லை. கொத்மலையிலும் புசல்லாவையிலும் தோட்டத்துக் களஞ்சிய அறைகளில் யூரியா மூட்டைகள் அடுக்கியிருக்கும். ஈரம் பட்ட மூட்டையைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி அமோனியாதான். லயத்துக்குப் பக்கத்து மாட்டுக் கொட்டிலிலும் அதே நெடி. பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற துவக்கின் தோட்டாப் பெட்டியை உர அறையின் அலுமாரியில் வைத்துப் பூட்டுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டு திருடனிடமிருந்து காக்கும். தோட்டாவின் பித்தளையை எதுவும் காக்காது. கடைகளில் கிடைக்கும் பித்தளைப் பொலிஷ் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா இருக்கிறது. கோதுகளை அவற்றால் துடைப்பது லாயத்தைக் காசு கொடுத்து வாங்கி வருவதற்குச் சமம்.

இனிச் செய்முறை. காரீயம் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது. பென்சில் முனையைச் சுரண்டிப் போடக்கூடாது, அதில் களிமண் கலந்திருக்கிறது, களிமண் குமிழைக் கீறும். சிறு பீங்கான் மணிகள் நிறைந்த ஒரு குப்பியில் தூளைப் போட்டுக் குலுக்கினால் மணிகளின் மேல் மெல்லிய பூச்சு ஏறும். கோதைத் தலைகீழாகப் பிடித்து, கழுத்து மூழ்கும் அளவுக்கு அதில் ஒருமுறை அழுத்தி எடுத்தால் போதும். வெளியில் ஒட்டியதைத் துணியால் ஒற்றிவிட வேண்டும். கழுத்துக்குள் பார்த்தால் பித்தளையின் நிறம் ஒரு சாயல் மங்கியிருக்க வேண்டுமே தவிர, கருப்பாக இருக்கக் கூடாது. கருப்பாக இருந்தால் அது கூடுதல்.

லனோலினை மதுசாரத்தில் கரைத்துத் தெளிப்பவர்கள் உட்கழுத்திலும் கொஞ்சம் தூறல் விழட்டும் என்று விடுகிறார்கள். குமிழ் வழுக்கிக்கொண்டு வருவதற்கு அது போதும்தான். ஆனால் மருந்து ஊற்றும் முன் உள்ளே இருப்பதைத் துடைத்தெடுத்தாக வேண்டும். அந்தத் துடைப்பு ஒவ்வொரு கோதிலும் ஒரே மாதிரி அமைவதில்லை. தோளின் மேல் அது தேங்கினால் இன்னொரு விபரீதம்: நசுங்காத திரவம் அச்சுக்கும் பித்தளைக்கும் இடையே சிக்கி, தோளில் கட்டைவிரல் பதிந்ததுபோல் குழி விழும்.

குமிழையே கழற்றிவிட்டு, தனி அச்சில் நேர்க்கம்பியைக் கழுத்துக்குள் மேலிருந்து செலுத்தி விரிப்பது இன்னும் மேலான வழி. அப்போது கோது அடியில் தாங்கப்பட்டு நிற்கிறது, தோள் இழுபடாது. அதற்கும் காரீயம் வேண்டும். கம்பி உள்ளே போகும்போது கைக்குத் தெரியும் தடை ஒவ்வொரு கோதிலும் ஒன்றுபோல் இருந்தால், சன்னம் பொருத்தும்போதும் தடை ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கோது மட்டும் முரண்டு பிடித்தால் அதைத் தனியே எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே கழுத்தின் வாயில் பிசிர் இருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய மயிரிழை வெடிப்பு.

போகலவிலும் கஹட்டகஹவிலும் எடுக்கும் காரீயத்தை நுண்தூளாகச் சிறு டப்பாக்களில் உள்ளூரிலேயே பெற வழி வேண்டும் என்று இவ்விதழ் கேட்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் ஒட்டிய டப்பா வரும்வரை சுடுகளங்கள் காத்திருப்பது, சுரங்கம் இருக்கும் நாட்டுக்கு அழகல்ல. சுடுகளப் பொறுப்பாளர்கள் தங்கள் ரவை அறைக்கு அருகில் உரம், கால்நடை, கழிவறை எது இருந்தாலும் இந்த மழை முடிவதற்குள் இடமாற்றம் செய்ய வேண்டும். இடமாற்றம் முடியாத இடங்களில் காற்றுப் புகாத உலோகப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பையோடு ரவையை வைக்க வேண்டும். நடுப்பக்கத்தில் அச்சிட்டுள்ள கோதுப் பதிவுத்தாளில் மருந்துத் தொகுதி, சன்னத் தொகுதி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இந்த இதழிலிருந்து இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஒன்று, உட்கழுத்தில் என்ன பூசப்பட்டது. மற்றது, கழுத்து கடைசியாகப் பதமாற்றப்பட்ட திகதி.